மதரஸாக்களும் தேசியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் 15 நெருங்கினால் போதும், எனக்கு இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். கூட வேலை பார்ப்பவர்கள் கேட்பார்கள், பழைய பள்ளிக்கூட நண்பர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள், சில சமயம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளே கேட்பார்கள். நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. விடிகாலையில் மதரஸாவில் ஓதிவிட்டு, அப்புறம் சீருடை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிய எத்தனையோ பேரில் ஒருவன், அவ்வளவுதான். ஆனால் இந்த வரலாற்றைப் பல வருடமாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. பெரும்பாலும் இந்தியாவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். வேறு நாடுகளைத் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் தொட்டிருக்கிறேன்.

மதரஸா என்றால் எது? எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. முக்கால்வாசி குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தெருப் பள்ளிவாசலில் காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் குர்ஆன் ஓதச் சொல்லிக்கொடுப்பதும் மதரஸாதான், வடக்கே அதை மக்தப் என்பார்கள். அங்கே வரும் பிள்ளை அதை முடித்துவிட்டுச் சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். குர்ஆனை முழுக்க மனப்பாடம் செய்யும் ஹிஃப்ளு மதரஸா வேறு. தங்கிப் படித்து ஏழெட்டு வருடம் கழித்து 'மௌலவி', 'ஆலிம்' என்று ஸனது, அதாவது பட்டம், வாங்கும் அரபிக் கல்லூரி வேறு. தேசியத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோர் மனதிலும் இருப்பது இந்த மூன்றாவது வகை. ஆனால் அதில் படிப்பவர்கள் ரொம்பக் குறைவு. பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் முழுநேர மதரஸாவில் படிப்பவர்கள் 100க்கு மூன்று, நான்கு பேர்தான் என்று 2006இல் சச்சார் குழு அறிக்கை சொன்னது.

'பழமைவாதம்' என்று எதைச் சொல்கிறீர்கள்?

திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவர்களே ஏற்றுக்கொள்ளும் அர்த்தத்தில்தான் சொல்கிறேன். முன்னோர்களான இமாம்களின் சட்ட விளக்கத்தைப் பின்பற்றுவது, ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு என்று வாய்வழியாக வரும் தொடரைக் காப்பாற்றுவது, புதியதைச் சந்தேகத்தோடு பார்ப்பது. 18ஆம் நூற்றாண்டில் லக்னோவில் ஃபிரங்கி மஹல் என்ற இடத்தில் முல்லா நிஜாமுத்தீன் வகுத்த பாடத்திட்டம்தான் இன்னமும் இந்தியத் துணைக்கண்டத்துப் பெரிய மதரஸாக்களின் அடித்தளம். அவர் பெயராலேயே அதை தர்ஸே நிஜாமி என்கிறார்கள். அரபி இலக்கணம், தர்க்கம், சட்டம், கடைசி வருடத்தில் ஹதீஸ் (நபிமொழி). ஆலிமாகி வெளியே வருகிறவருக்கு ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சட்ட விவாதம் தெரியும், ஆனால் பத்தாம் வகுப்பு அறிவியல் தெரியாமல் இருக்கலாம். இந்தக் குறையை நான் மறைக்க விரும்பவில்லை, கீழே தனியாகவே எழுதியிருக்கிறேன்.

தேவ்பந்த், தேவ்பந்த் என்கிறார்களே, அது என்ன? அதற்கும் ஆங்கிலேயருக்கும் என்ன பகை?

உத்தரப் பிரதேசத்தில் சஹாரன்பூர் பக்கம் இருக்கும் ஊர் அது. 1857 கிளர்ச்சி நசுக்கப்பட்ட பிறகு டெல்லியில் முஸ்லிம் கல்வி மரபு கிட்டத்தட்ட அழிந்தே போனது. அதற்கு ஒன்பது வருடம் கழித்து, 1866 மே மாதத்தில், தேவ்பந்தின் சத்தா பள்ளிவாசலில் ஒரு மாதுளை மரத்தடியில் ஓர் ஆசிரியரும் ஒரு மாணவருமாகத் தாருல் உலூம் தொடங்கியது. இருவருக்கும் ஒரே பெயர். ஆசிரியர் முல்லா மஹ்மூத், மாணவர் மஹ்மூத் ஹசன். அந்த மாணவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பின்னால் நின்றவர்கள் முகம்மது காசிம் நானூத்தவியும் ரஷீத் அஹ்மத் கங்கோஹியும். 1857இல் இவர்கள் ஷாம்லியில் ஆங்கிலேயரை எதிர்த்துச் சண்டையிட்டார்கள் என்பது தேவ்பந்த் மரபு. அது எந்த அளவுக்கு நடந்தது என்பதில் வரலாற்று ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நானூத்தவி எழுதிவைத்த எட்டு விதிகளில் எந்தச் சந்தேகமும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தவை அவை. மதரஸாவுக்கு நிரந்தர வருமானம் வேண்டாம் என்கிறார், அப்படி ஒன்று வந்துவிட்டால் இறைவன் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும் என்கிறார். அரசாங்கத்தின் பங்கும் பணக்காரர்களின் பங்கும் கெடுதல் என்கிறார். பெயர் எடுக்க நினைக்காத சாதாரண ஜனங்கள் தரும் காசில்தான் பரக்கத் (இறையருள்) என்கிறார். அன்றைய அரசாங்கம் யாருடையது என்று யோசித்தால் இதன் அரசியல் தானாகப் புரியும். இன்றைக்கும் ரமலானில் ஊர் ஊராக ரசீதுப் புத்தகத்தோடு வந்து, 'மதரஸாவுக்கு ஏதாவது கொடுங்க பாய்' என்று வாசலில் நிற்கும் ஹஜ்ரத்தை, அதாவது மதரஸா ஆசிரியரை, பார்த்திருப்பீர்கள். அந்தக் கஷ்டம் தெரிந்தே தேர்ந்தெடுத்த கஷ்டம்.

அரசுப் பணம் வாங்காமல் இருந்தது சரி, சுதந்திரப் போராட்டத்தில் உண்மையில் என்ன செய்தார்கள்?

அந்த முதல் மாணவர் மஹ்மூத் ஹசன் வளர்ந்து தேவ்பந்தின் தலைமை ஆசிரியரானார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது ஆங்கிலேயரை வெளியேற்ற ஒரு ரகசியத் திட்டம் போட்டார். தன் மாணவர் உபைதுல்லா சிந்தியை காபூலுக்கு அனுப்பினார். உபைதுல்லா சியால்கோட் பக்கத்தில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்துக்கு வந்தவர். 1915 டிசம்பர் 1இல் காபூலில் நாடு கடந்த இந்திய அரசு ஒன்று அறிவிக்கப்பட்டது. ஜனாதிபதி ராஜா மகேந்திர பிரதாப், பிரதமர் மௌலானா பரக்கத்துல்லா. உள்துறை உபைதுல்லாவிடம். ஒரு மதரஸா ஆசிரியர் தன் மாணவனை அனுப்பி வைக்க, அந்த மாணவன் ஓர் இந்து ராஜாவின் தலைமையில் அமைச்சராக இருக்கிறான். இதை நம் பாடப்புத்தகத்தில் நான் படித்ததில்லை.

1916இல் உபைதுல்லா தன் ஆசிரியருக்கு எழுதிய கடிதங்கள் ஆங்கிலேயர் கையில் சிக்கின. காகிதத்தில் எழுதினால் சலசலக்கும், மடித்தால் தெரியும் என்பதாலோ என்னவோ, மஞ்சள் பட்டுத் துணியில் எழுதியிருந்தார்கள். அதனால்தான் 'பட்டுக் கடித' விவகாரம் என்று பெயர் வந்தது. 1918இல் வந்த ரௌலட் குழு அறிக்கையில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஜாலியன்வாலா பாக் வரை இழுத்துப்போன ரௌலட் சட்டத்துக்கு அடிப்படை அந்த அறிக்கைதான். மஹ்மூத் ஹசன் அப்போது அரேபியாவில் இருந்தார். அங்கேயே பிடித்து மால்டா தீவுக்கு நாடு கடத்தினார்கள். வயதானவர், குளிர் தாங்காத உடம்பு. அந்தச் சிறையில் இருந்துகொண்டு குர்ஆனை உருதுவில் மொழிபெயர்த்தார். 1920இல் விடுதலையாகி பம்பாயில் இறங்கியபோது மக்கள் அவருக்கு 'ஷைகுல் ஹிந்த்' என்று பட்டம் கொடுத்தார்கள். அக்டோபர் 29இல் அலிகரில் ஜாமியா மில்லியாவைத் தொடங்கி வைத்தார். அடுத்த மாதமே, நவம்பர் 30இல், இறந்துபோனார்.

2013இல் இந்திய அஞ்சல் துறை பட்டுக் கடித இயக்கத்துக்கு ஒரு தபால் தலை வெளியிட்டது. கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உம்மத் என்று உலக முஸ்லிம்களையெல்லாம் ஒன்றாகப் பார்ப்பவர்கள் எப்படி ஒரு நாட்டைத் தன் நாடு என்று சொல்ல முடியும்?

எனக்கு வரும் கேள்விகளிலேயே நல்ல கேள்வி இதுதான். 1938லேயே இரண்டு பெரிய மனிதர்கள் இதைப் பற்றி மோதிக்கொண்டார்கள்.

மஹ்மூத் ஹசனோடு மால்டா சிறையில் இருந்தவர் அவருடைய மாணவர் ஹுசைன் அஹ்மத் மதனி. பின்னாளில் தேவ்பந்தின் தலைமை ஆசிரியர், இந்திய உலமாக்களின் (ஆலிம்களின்) அமைப்பான ஜமிய்யத்துல் உலமாயே ஹிந்தின் தலைவர். ஆங்கிலேய ராணுவத்தில் சேர்வது ஹராம் (மார்க்கத்தில் தடை) என்று சொன்னதற்காக 1921இல் கராச்சியில் வழக்கைச் சந்தித்துச் சிறைக்குப் போனவர். அந்த வழக்கில் கிலாஃபத் இயக்கத் தலைவர்களான அலி சகோதரர்களோடு ஒரு சங்கராச்சாரியாரும் கூண்டில் நின்றார். 1938 தொடக்கத்தில் டெல்லிக் கூட்டம் ஒன்றில் மதனி சொன்னதன் சாரம் இது: இந்தக் காலத்தில் 'கவ்மு' என்பது நிலத்தால் உருவாகிறது, மதத்தால் இல்லை. வெளிநாட்டுக்குப் போனால் இந்து, முஸ்லிம், சீக்கியர் எல்லோரையும் இந்தியர் என்றுதானே பார்க்கிறார்கள்?

பத்திரிகைகள் அதை 'மில்லத்' நிலத்தால் உருவாகிறது என்று அவர் சொன்னதாகப் போட்டுவிட்டன. மில்லத் என்றால் மார்க்கச் சமூகம், கவ்மு என்றால் மக்கள் கூட்டம். ஒரு சொல் மாறினால் மொத்த அர்த்தமும் மாறுகிறது. செய்தியைப் படித்த கவிஞர் இக்பால் கொதித்துப்போய், நபியின் நிலை தெரியாத பேச்சு என்று மூன்று ஈரடிகள் கொண்ட கவிதை ஒன்றை எழுதிவிட்டார். மதனி விளக்கம் எழுதினார், இக்பாலும் தன் ஆட்சேபத்தை விலக்கிக்கொண்டார், அடுத்த சில வாரங்களில் இறந்தும் போனார். ஆனால் கவிதை நின்றுவிட்டது. இன்றைக்கும் அந்த வரிகள் தெரிந்த அளவுக்கு விளக்கம் யாருக்கும் தெரியாது.

மதனி எங்கிருந்து ஆதாரம் எடுத்தார் என்பதுதான் முக்கியம். மேற்கத்திய அரசியல் நூல்களிலிருந்து எடுக்கவில்லை. நபிகள் மதீனாவுக்குப் போனதும் அங்கிருந்த யூதர்களோடு செய்த ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார். அந்தச் சாசனம் முஸ்லிம்களையும் யூதர்களையும் சேர்த்து ஒரே சமுதாயம் என்கிறது, அவரவர் மார்க்கம் அவரவருக்கு என்றும் சொல்கிறது. ஆக, ஒரே நாட்டில் பலரும் சேர்ந்து வாழ ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், அந்த ஒப்பந்தத்தைக் காப்பது மார்க்கக் கடமை. முத்தஹிதா கவ்மியத், அதாவது கூட்டுத் தேசியம் என்று இதற்குப் பெயர் வைத்தார். மதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு தேசியத்துக்கு வந்தவர் இல்லை அவர். மதத்தை இறுகப் பிடித்ததால்தான் வந்தார். மதச்சார்பற்ற நண்பர்களுக்கும் இது புரிவதில்லை, மதவாதிகளுக்கும் புரிவதில்லை.

பாகிஸ்தானைக் கேட்டதே மௌலவிகள்தானே?

பெரும்பாலும் தலைகீழ். ஜின்னா லண்டனில் படித்த பாரிஸ்டர். பாகிஸ்தானைக் கேட்ட முஸ்லிம் லீக்கின் முன்னணியில் நின்றவர்கள் வக்கீல்கள், நிலக்கிழார்கள், அலிகரில் ஆங்கிலக் கல்வி படித்த இளைஞர்கள். இன்னொரு பக்கம் காங்கிரஸ் தலைவராக இருந்த அபுல் கலாம் ஆசாத் பழைய முறையில் அரபி, பாரசீகம் படித்து வளர்ந்தவர். மதனியின் ஜமிய்யத் பிரிவினையைக் கடைசி வரை எதிர்த்தது. 1940 மார்ச்சில் லாகூர் தீர்மானம் வந்த அடுத்த மாதமே டெல்லியில் பிரிவினையை எதிர்க்கும் முஸ்லிம்கள் 'ஆசாத்' (சுதந்திர) முஸ்லிம் மாநாட்டைக் கூட்டினார்கள், ஜமிய்யத்தும் அதில் இருந்தது.

ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும், பாதி உண்மை யாருக்கும் உதவாது. தேவ்பந்தே இரண்டாக உடைந்தது. தேவ்பந்தில் படித்த மாபெரும் அறிஞர் அஷ்ரஃப் அலி தானவியின் ஆதரவு லீக்குக்கு இருந்தது. மஹ்மூத் ஹசனின் இன்னொரு மாணவரான ஷப்பீர் அஹ்மத் உஸ்மானி 1945இல் ஜமிய்யத்துல் உலமாயே இஸ்லாம் என்ற தனி அமைப்புக்குத் தலைமை ஏற்றுப் பாகிஸ்தானுக்காகப் பிரசாரம் செய்தார். ஜின்னாவின் ஜனாஸாத் தொழுகையை (இறுதித் தொழுகையை) நடத்தியவர் அவர்தான். தேவ்பந்தோடு முரண்படும் இன்னொரு மரபான பரேல்வி உலமாக்களின் பெரிய மாநாடு 1946இல் பனாரஸில் கூடிப் பாகிஸ்தானை ஆதரித்தது. ஒரே ஆசிரியரிடம் ஒரே ஹதீஸ் நூலைப் படித்த இரண்டு பேர் எதிரெதிர் முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றால், ஒருவரின் தாடியையும் பாடத்திட்டத்தையும் வைத்து அவருடைய நாட்டுப்பற்றை அளக்க முடியாது என்றுதானே அர்த்தம்?

இன்னொன்று, 1946 தேர்தலில் லீக் முஸ்லிம் தொகுதிகளை அள்ளியது உண்மை. ஆனால் அன்றைக்கு ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. சொத்து, வரி, படிப்பு இருந்தவர்களுக்குத்தான். நெசவாளியும் கூலியும் என்ன நினைத்தார்கள் என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

மதனியின் 'ஒப்பந்தத் தேசியத்தில்' குறையே இல்லையா?

இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் மறுபக்கம், எங்கள் மார்க்கச் சட்டத்தில் நாட்டின் அரசு கை வைக்கக் கூடாது என்பது. நாட்டுக்கு விசுவாசம், பதிலுக்குத் தனியார் சட்டம். இந்தப் பேரத்தை முஸ்லிம்கள் சார்பாக உலமாக்கள் செய்தார்கள், எல்லோரும் ஆண்கள். விவாகரத்து, ஜீவனாம்சம் இதிலெல்லாம் பாதிக்கப்படும் பெண்களை யாரும் கேட்கவில்லை. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கு ஜீவனாம்சம் உண்டு என்று 1985இல் ஷா பானு தீர்ப்பு வந்தபோது மதரஸா உலகமே திரண்டு எதிர்த்தது. கூடவே அந்த எதிர்ப்பு மற்ற பக்கத்தில் எந்த அரசியலுக்குத் தீனி போட்டது என்பதையும் நாம் பார்த்தோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு, அதைச் சொல்லத் தயக்கமில்லை. 1930களில் இதே பழமைவாதத்துக்குள் வேறு வழியும் இருந்தது. கணவன் காணாமல் போனாலோ கொடுமை செய்தாலோ இங்கே பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி சட்டத்தில் மனைவிக்கு விடுதலை கிடைப்பது மிகக் கடினம். மேலே சொன்ன அதே தானவி, மாலிகி என்ற இன்னொரு சட்ட மரபிலிருந்து வழி எடுத்துக் கொடுத்தார். முஸ்லிம் திருமணங்களைக் கலைக்கும் 1939ஆம் வருடச் சட்டம் அதன் தொடர்ச்சிதான். அந்தத் துணிச்சல் பின்னால் ஏன் வற்றியது என்று உலமாக்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேசிய கீதம் பாடுவார்களா, மாட்டார்களா?

ஜன கண மனவில் பெரும்பாலான மதரஸாக்களுக்குப் பிரச்சினையே இல்லை. சுதந்திர தினத்தில் கொடியேற்றிப் பாடுகிறார்கள். 2022 மே மாதத்திலிருந்து உத்தரப் பிரதேசத்தில் வகுப்பு தொடங்கும் முன் பாடுவதைக் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன்பே, 2017இல், சுதந்திர தினக் கொண்டாட்டத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். மால்டாவில் சிறையிருந்தவரின் வழிவந்தவர்களிடம் ஆதாரத்துக்கு வீடியோ கேட்பது மனதைக் காயப்படுத்தும் காரியம். பாடச் சொல்வதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, சந்தேகப்பட்டுக் கேட்பதுதான் வலிக்கிறது.

வந்தே மாதரம் விஷயம் வேறு. அதன் பின்பகுதி நாட்டைத் துர்க்கையாக வணங்குகிறது. ஒரே இறைவனைத் தவிர யாரையும் வணங்கக் கூடாது என்பது முஸ்லிமின் அடிப்படை நம்பிக்கை. நாட்டை நேசிப்பதில் தடையில்லை, வணங்குவதில்தான் தடை. இது இன்று கிளம்பிய பிரச்சினையும் இல்லை. 1937லேயே காங்கிரஸ் செயற்குழு இந்தக் காரணத்தை ஏற்று முதல் இரண்டு பத்திகளைப் பாடினால் போதும் என்று முடிவு செய்தது. பாட மறுப்பது தேசத்துரோகமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1986இல் பதில் சொல்லிவிட்டது. அதுவும் முஸ்லிம் வழக்கு இல்லை. கேரளாவில் யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கினார்கள். நீக்கியது தவறு என்று தீர்ப்பு வந்தது.

தமிழ்நாட்டு மதரஸாக்கள் இதில் எங்கே வருகின்றன?

நம் பக்கத்துக் கதைக்கு வேறு நிறம். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், லால்பேட்டை மன்பவுல் அன்வார், 1924இல் தொடங்கிய உமராபாத் தாருஸ்ஸலாம் எல்லாம் பழைய, பெரிய அரபிக் கல்லூரிகள். பெயருக்குப் பின்னால் 'பாக்கவி' என்று இருந்தால் வேலூரில் ஓதியவர், 'மன்பஈ' என்றால் லால்பேட்டை, 'உமரி' என்றால் உமராபாத். கேரளத்து உலமாக்களில் பலரும் வேலூரில் ஓதியவர்கள். குர்ஆனுக்கு முதல் முழுத் தமிழ் மொழிபெயர்ப்பைத் தந்த அப்துல் ஹமீது பாக்கவி இங்கிருந்து வந்தவர்தான்.

இங்கே தேசியம் என்றால் மொழியும் சேர்ந்தே வரும். காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் மதரஸாவில் படித்தவர் இல்லை, ஆனால் உலமாக்கள் அவரை மதித்தார்கள். அரசியல் நிர்ணய சபையில் 1949இல் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது, பழமையை அளவாக வைத்தால் தமிழுக்குத்தான் முதலிடம் என்று எழுந்து பேசினார். வடக்கே உருதுவும் முஸ்லிம் அடையாளமும் பின்னிக் கிடந்தன. இங்கே ஹஜ்ரத் ஜும்ஆ பயானை (வெள்ளிக்கிழமை உரையை) தமிழில்தான் செய்கிறார், தமிழ் அவருக்கு வீட்டு மொழி. அதனால் 'நீ யார்' என்ற கேள்வி இங்கே அவ்வளவு கூர்மையாக எழவில்லை.

கோயம்புத்தூர் சிறைக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. மலபாரில் திரூரங்காடிப் பள்ளிவாசலில் தர்ஸ் (மார்க்க வகுப்பு) நடத்திய அலி முஸ்லியாரை 1922 பிப்ரவரியில் அங்கேதான் தூக்கிலிட்டார்கள். 1921 மலபார் கிளர்ச்சியை விடுதலைப் போராட்டம் என்பவர்களும் மதக் கலவரம் என்பவர்களும் இன்னும் வாதாடுகிறார்கள். அப்பாவிகள் கொல்லப்பட்டதை மறைக்காமல்தான் அந்த விவாதத்தைப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

வேறு நாடுகளில் எப்படி?

இந்தோனேசியாவைப் பார்க்காமல் இந்த விஷயத்தைப் பேசவே கூடாது. அங்கே தங்கிப் படிக்கும் மதரஸாவுக்கு பெசந்த்ரென் என்று பெயர். தெபுஇரெங் பெசந்த்ரெனை நடத்திய ஹாஷிம் அஷ்அரி 1926இல் நஹ்தத்துல் உலமா அமைப்புக்குத் தலைமை ஏற்றார். ஷாஃபி மத்ஹப் (சட்ட மரபு), கபுர் ஜியாரத் (அடக்கத்தலத்துக்குப் போவது), மௌலிது (நபி புகழ் ஓதுவது) எல்லாம் உள்ள பழைய மரபு, நம் கடற்கரை ஊர்களைப் போலவே. 1945இல் சுதந்திரம் அறிவித்த பிறகு டச்சுக்காரர்கள் திரும்பி வரப் பார்த்தபோது, நாட்டைக் காப்பது மார்க்கக் கடமை என்று அக்டோபர் 22இல் இவர்கள் தீர்மானம் போட்டார்கள். அடுத்த மாதம் சுரபாயாவில் நடந்த பெரும் சண்டையில் மதரஸா மாணவர்கள் திரளாக இறங்கினார்கள். 2015 முதல் அந்த அக்டோபர் 22 அங்கே மதரஸா மாணவர் தினம்.

இதைவிடப் பெரிய தியாகம் அதே 1945இல், ஆகஸ்ட் 18இல், நடந்தது. அரசியல் சட்ட முகவுரையில் முஸ்லிம்கள் ஷரீஅத்தைப் பின்பற்றக் கடமைப்பட்டவர்கள் என்று ஏழு சொற்கள் இருந்தன. கிழக்குப் பகுதிக் கிறிஸ்தவர்கள் அதை ஏற்கவில்லை என்றதும் நாடு உடையக் கூடாது என்பதற்காக அதை நீக்கிவிட்டார்கள். முகவுரையை எழுதிய ஒன்பது பேர் குழுவில் ஹாஷிம் அஷ்அரியின் மகன் வாஹித் ஹாஷிமும் இருந்தார். பின்னாளில் அவருடைய மகன் அப்துர்ரஹ்மான் வாஹித் அந்த நாட்டின் ஜனாதிபதியானார்.

துருக்கியில் நேர் எதிர். 1924 மார்ச் 3இல் கிலாஃபத்தை ஒழித்தார்கள், அதே நாளில் கல்வியையெல்லாம் ஒரே அமைச்சகத்தின் கீழ் கொண்டுவரும் சட்டமும் வந்தது, மதரஸாக்கள் மூடப்பட்டன. அங்கே தேசியம் மதரஸாவைக் கழித்துவிட்டு வந்தது.

தாலிபான்களும் தேவ்பந்திகள்தானே?

மரபுத் தொடர்பு உண்டு. தேவ்பந்தில் ஆசிரியராக இருந்த அப்துல் ஹக் 1947இல் ஊருக்கு வந்திருந்தபோது பிரிவினை வந்து திரும்ப முடியாமல் போனது. இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் சொந்த ஊரான அகோரா கட்டக்கில் தாருல் உலூம் ஹக்கானியாவைத் தொடங்கினார். தாலிபான் தலைவர்கள் பலர் அங்கே படித்தார்கள். ஆனால் நடுவில் நடந்ததை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1979இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் வந்தது, பாகிஸ்தான் ராணுவமும் அமெரிக்கப் பணமும் சவூதிப் பணமும் அந்த எல்லையில் கொட்டின, லட்சக்கணக்கான அகதிப் பிள்ளைகளுக்குச் சோறும் படுக்கையும் மதரஸாவில்தான் கிடைத்தது. அதே பாடத்திட்டம் இந்தியாவில் ஒரு தாலிபானை உருவாக்கவில்லை. 2008 பிப்ரவரியில் தேவ்பந்த் ஆயிரக்கணக்கான உலமாக்களைக் கூட்டி, பயங்கரவாதம் இஸ்லாத்துக்கு விரோதம் என்று அறிவித்தது.

அரசு மதரஸாக்களை ஒழுங்குபடுத்துவது தப்பா?

தப்பில்லை. ஆனால் எதற்காக என்பது முக்கியம். உத்தரப் பிரதேச மதரஸா வாரியச் சட்டத்தை 2024 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நவம்பர் 5இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, சட்டம் செல்லும், கல்வித் தரத்தை அரசு கண்காணிக்கலாம், ஆனால் ஃபாஸில், காமில் என்ற உயர்பட்டங்களை மட்டும் அந்த வாரியம் தர முடியாது என்றது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. அஸ்ஸாமில் 2020இல் ஒரு சட்டம் கொண்டுவந்து அரசு நடத்திய மதரஸாக்களைச் சாதாரணப் பள்ளிகளாக மாற்றிவிட்டார்கள். அரசுப் பணத்தில் நடப்பதை அரசு மாற்றலாம் என்று வாதிடலாம். நானூத்தவி அரசுப் பணம் வேண்டாம் என்று சொன்னது எவ்வளவு தூரம் யோசித்துச் சொன்னது என்பது அப்போது புரிந்தது.

கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் சேர்த்தே விலக்கியது. இது பலருக்குத் தெரியாது.

மதரஸாவில் படித்த பையனின் எதிர்காலம்?

இதைத்தான் நாம் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒன்பது வயதில் ஹிஃப்ளில் சேர்ந்த பையன் விடிகாலை நாலரைக்கு எழுந்து, பலகை முன்னால் முன்னும் பின்னும் ஆடி ஆடி சபக்கை (அன்றைய பாடத்தை) மனப்பாடம் செய்கிறான். மூன்று வருடத்தில் அறுநூறு பக்கம் அவன் நெஞ்சுக்குள் வந்துவிடுகிறது. அந்த மூளைக்குக் கணக்கும் அறிவியலும் ஏறாதா? இருபது வயதில் வெளியே வரும்போது இமாம் வேலை, முஅத்தின் (பாங்கு சொல்பவர்) வேலை, இன்னொரு மதரஸாவில் ஆசிரியர் வேலை, இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஜமாஅத் தரும் சம்பளம் வாடகைக்குக்கூடப் போதாது. ஆலிம் படிப்போடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அஞ்சல் வழியில் பட்டம் என்று சேர்த்துக் கொடுக்கும் மதரஸாக்கள் இப்போது தமிழ்நாட்டில் கூடி வருகின்றன. அவற்றுக்குத்தான் நம் சந்தா போக வேண்டும். கொடியேற்றினார்களா என்று எட்டிப் பார்க்கிறவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை, நம் ஆட்களும் கேட்பதில்லை.

முஸ்லிம் அல்லாத நான் ஒரு மதரஸாவுக்குப் போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. முன்கூட்டியே நாஜிருக்கு, அதாவது நிர்வாகிக்கு, ஒரு போன் போட்டுவிட்டுப் போங்கள். அஸருக்கு, அதாவது மாலைத் தொழுகைக்கு, முந்தைய நேரம் நல்லது, அஸருக்குப் பிறகு பசங்க விளையாடப் போய்விடுவார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனால், முதலில் யாராவது ஒரு பையன் ஓடிவந்து உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பான். ஸனது வழங்கும் விழா நடக்கும் மாதத்தில் போனால் இன்னும் நல்லது. ஏழு வருடம் ஓதி முடித்த பையனுக்கு வயதான உஸ்தாது தன் கையாலேயே தலைப்பாகை கட்டிவிடுவார், பெண்கள் பக்கத்தில் அவனுடைய உம்மா அழுதுகொண்டிருப்பார். சாப்பிடாமல் உங்களை அனுப்ப மாட்டார்கள்.